‘நோக்காம்’ கிடையாது, ‘பாப்போம்’ கிடையாது

சண்முகவேல் அண்ணன் இறந்துபோன செய்தி எனக்கு எங்கள் கம்பெனியின் வாட்ஸாப் குழுவில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு அடுக்களையில் சாயாவுக்குப் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அடையாள அட்டையிலிருந்து வெட்டியெடுத்த அவருடைய படம், சுற்றிலும் பூப்போட்ட சட்டம். கீழே மலையாளத்தில் முதலாளியின் ஒரு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: “எதற்கும் ஆகாது என்று சொல்லாத மனிதர்.” பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அழுகை அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது கோபம்.

உங்களில் அவரோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அந்த வரி எவ்வளவு பெரிய பொய் என்று. ‘எள் என்றால் எண்ணெயாக நிற்பார்’ என்று ஒருவர், ‘முகம் சுளிக்க மாட்டார்’ என்று இன்னொருவர், கீழே கீழே எழுதிக்கொண்டே போனார்கள். எழுதியவர்களில் பாதிப்பேர் அவரிடம் ‘ஆகாது’ வாங்கியவர்கள். நம் தமிழ்ச் சங்கத்து மலருக்கு அவரைப் பற்றி இரண்டு நல்ல வார்த்தை எழுதிக் கொடு என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அவரைப் பற்றிச் சொல்லக்கூடிய நல்ல வார்த்தையே அவர் ‘ஆகாது’ என்று சொன்னவர் என்பதுதான். அதை எழுதினால் கம்பெனியில் சிலருக்குக் கசக்கும். கசக்கட்டும்.

தெரியாதவர்களுக்காக: சங்கரன்கோவில் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து, கொச்சியில் சென்ட்ரிங் மேஸ்திரியாக இருந்தவர் அவர். கான்கிரீட் போடுவதற்கு முன்னால் பலகையும் முட்டும் அடித்து அச்சு கட்டுகிற வேலை. நான் அதே கம்பெனியில் சைட் என்ஜினீயர். என் தாத்தா முனிசிபாலிடி வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டதால் நான் மட்டாஞ்சேரிக்காரி. ஆபீசில் சிலர் அவரை ‘அண்ணாச்சி’ என்று கூப்பிடுவார்கள். அவர் ஊரில் அது மரியாதை. இங்கே அதைச் சொல்கிற தொனியில் மரியாதை இருக்காது. அவருக்கும் அது தெரியும். கூப்பிட்டால் கொஞ்சம் தாமதித்துத்தான் திரும்பிப் பார்ப்பார்.

சில வருஷங்களுக்கு முன்னால் முதலாளிக்கு யாரோ ‘லீன்’ என்ற ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். கார் செய்கிற தொழிற்சாலைகளில் பிறந்து கட்டட வேலைக்கு வந்த முறை அது. வீண் காத்திருப்பு, வீண் சுமை, செய்ததையே திரும்பச் செய்வது, இப்படி வேலையில் ஒட்டிக்கொண்டிருக்கிற வீணை ஒவ்வொன்றாகக் களைவது. வைட்டிலா பக்கம் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சிக்கு என்னை அனுப்பினார்கள். கை நிறையக் கலர் காகிதங்களோடு திரும்பி வந்தேன். அப்போது மட்டாஞ்சேரியில் ஒரு சந்துக்குள் டயாலிசிஸ் மையம் கட்டிக்கொண்டிருந்தோம். மஞ்சள் சென்ட்ரிங், நீலம் வயரிங் என்று சுவர் முழுக்க ஒட்டினேன். வெளியே இடவப்பாதிப் பருவமழை. சுவரில் ஓதம். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் எல்லாம் தரையில் கிடந்தன. சண்முகவேல் அண்ணன் குனிந்து பொறுக்கி என் கையில் தந்தார்.

“லீன்னா என்ன மேடம்?”

“ஒல்லின்னு அர்த்தம் அண்ணே. கொழுப்பு இல்லாம வேலை செய்யறது.”

அவர் தன் தொப்பையைக் குனிந்து பார்த்தார். “அப்ப என்னையத்தான் மொதல்ல தூக்குவாங்க போல.”

சிரித்தேன். அப்போது அது சிரிக்கிற பேச்சுதான்.

பயிற்சியில் எழுதி வந்த குறிப்புகளை மூன்று நாள் சாயா நேரத்தில் அவரிடம் படித்துக் காட்டினேன். நான்காம் நாள் சென்ட்ரிங்குக்குப் பயன்பட்டுத் தேய்ந்த ஒரு ப்ளைவுட் பலகைக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து சாத்தினார். கூடவே ஒரு பெட்டி சாக்பீஸ். “கலரெல்லாம் எதுக்கு மேடம்? யாரு என்ன வாக்கு குடுத்தான்னு தெரிஞ்சா போதாதா?” என்றார். ஹோட்டலில் இரண்டு நாள் சொன்னதை அவர் நின்றவாக்கில் விதியாக்கிவிட்டார். சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் பலகை முன்னால் நிற்க வேண்டும். அடுத்த வாரம் தன்னால் என்ன ஆகும், என்ன ஆகாது என்று அவரவர் கையால் எழுத வேண்டும். ஒருத்தர் வாக்கை இன்னொருத்தர் எழுதக்கூடாது, என்ஜினீயராக இருந்தாலும் சரி. ஆகாது என்று எழுதியவரைத் திட்டக்கூடாது. ‘என்ன வேணும்?’ என்று மட்டும் கேட்கலாம்.

முதல் சனிக்கிழமை எல்லாரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நம் சைட்டுகளில் பழக்கம் என்ன? மேலே இருப்பவர் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. மலையாளி ‘நோக்காம்’ என்பார். தமிழர் ‘பாப்போம்’ என்பார். இரண்டுக்கும் அர்த்தம், என்னை விட்டுவிடு, நடக்காதது நடக்கிற அன்றைக்குத் தெரியட்டும் என்பதுதான். வயரிங் பார்க்கிற பாபுச்சேட்டனும் அதைத்தான் சொன்னார்.

“நோக்காம் மேஸ்திரி, நோக்காம்.”

“சேட்டா, நீங்க செவ்வாக்கிழம நோக்குவீங்களா, புதங்கிழம நோக்குவீங்களா? நீங்க நோக்குற வரைக்கும் எங்க ஆளுங்க மேல நின்னு கப்பலை நோக்கிக்கிட்டு இருக்கணுமே.”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பாபுச்சேட்டனும் சிரித்தார். பிறகு சாக்பீஸை வாங்கி, பைப் வரவில்லை, வியாழக்கிழமைக்கு முன்னால் பற்றில்ல என்று மலையாளத்தில் எழுதினார். அந்த சைட்டில் ஒருத்தர் வாய்விட்டுச் சொன்ன முதல் ‘முடியாது’ அதுதான். சண்முகவேல் அண்ணன் அவர் தோளில் தட்டினார். “இப்பத்தான் சேட்டா நீங்க வேலைக்கே வந்திருக்கீங்க.” பலகையின் தலையில் பெரிய எழுத்தில், தமிழில் ஒரு வரி எழுதினார்: நோக்காம் கிடையாது, பாப்போம் கிடையாது. தமிழ் படிக்கத் தெரியாதவர்களுக்கு நான் கீழே மலையாளத்தில் எழுதினேன்.

அடுத்து ஒரு சிமென்ட் கல்லின் கதை. சந்துக்குள் லாரி வராது. கல்லெல்லாம் தெருமுனையில் இறங்கும், அங்கிருந்து ஆள் சுமந்து வர வேண்டும். ஒரு சனிக்கிழமை அவர் ஒரு கல்லைத் தூக்கிவந்து பலகைக்கு முன்னால் வைத்தார். அதன்மேல் சாக்பீஸில் ஐந்து கோடு. திங்கட்கிழமையே அந்தக் கல்லுக்கு முதல் கோடு போட்டு, இதை யார் இடம் மாற்றினாலும் ஒரு கோடு போடணும் என்று ஆட்களிடம் சொல்லி வைத்திருக்கிறார். தெருமுனையில் இறக்கியது ஒன்று. பக்கத்து வீட்டு மதிலோரம் அடுக்கியது இரண்டு. அந்த வீட்டுக்காரர் சத்தம் போட்டதும் உள்ளே தூக்கியது மூன்று. உள்ளே அது முட்டு நிறுத்துகிற இடம் என்று பின்பக்கம் மாற்றியது நான்கு. முதல் மாடிக்கு ஏற்றி, தப்பான அறையில் வைத்தது ஐந்து.

“இந்தக் கல்லு அஞ்சு தடவை ஊரைச் சுத்தியிருக்கு மேடம். இன்னும் செவத்துக்கு வரல.”

அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கல்லை எங்கே இறக்குவது என்று முடிவு செய்தது நான்தான், அது அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். அடுத்த வாரத்திலிருந்து, அன்றன்றைக்குச் சுவருக்கு வேண்டிய கல் மட்டும் காலையில் வந்து நேராக மாடிக்குப் போனது. சுமக்கிறவர்களின் முதுகுக்கு ஓய்வு கிடைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் எங்களைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் மாடித் தளம் போடுகிற வாரம். பலகையில் சண்முகவேல் அண்ணன் கையால் எழுதியிருந்தார்: ‘தளம், திங்கள், ஆகாது. வயரிங் பைப் வேணும்.’ ஞாயிற்றுக்கிழமை முதலாளி டயாலிசிஸ் மையத்து டாக்டரைக் கூட்டிக்கொண்டு சைட்டுக்கு வருகிறார் என்று போன் வந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. டாக்டர் முன்னால் ‘ஆகாது’ என்ற சொல் அவ்வளவு பெரிதாக நிற்க வேண்டுமா? துப்பட்டா நுனியால் அந்த ‘ஆகாது’வைத் துடைத்து ‘ஆகும்’ என்று எழுதினேன். பைப் வேண்டும் என்ற வரியையும் துடைத்தேன். டாக்டர் சந்தோஷப்பட்டார். முதலாளி என்னைப் பார்த்துத் தலையாட்டினார். திங்கட்கிழமை காலை சண்முகவேல் அண்ணன் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மேலே போய்விட்டார். கான்கிரீட்டுக்குள் புதைய வேண்டிய பைப் இல்லாமலே தளம் போட்டோம்.

பிறகு பைப் வந்தபோது, முட்டெல்லாம் பிரித்து, போட்ட தளத்தை அடியிலிருந்து கொத்த வேண்டியதாயிற்று. அது பாபுச்சேட்டன் ஆட்களின் வேலை. ஆனால் சண்முகவேல் அண்ணனும் உளியை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினார். தலை, புருவம், மீசை எல்லாம் சிமென்ட் தூசி. அண்ணாந்து கொத்திக் கொத்திக் கழுத்து திரும்பவில்லை. நான் கீழே நின்று, இறங்கி வாங்க அண்ணே என்று கெஞ்சினேன். அவர் உளியை நிறுத்தினார்.

“நீங்க எழுத்தைத்தான அழிச்சீங்க மேடம். பைப்பு இல்லாதது அங்கனயேதான இருந்துச்சு.”

அதற்கப்புறம் ஒரு வாரம் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அவர் எப்போதும்போலத்தான் பேசினார். அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அவர் என்னை நாலு திட்டு திட்டியிருந்தால் நன்றாக உறைத்திருக்கும்.

அந்தக் கட்டடம் சொன்ன நாளுக்கு முன்னாலேயே முடிந்தது. எங்கள் கம்பெனியில் அப்படி நடந்து நான் பார்த்ததில்லை. பாலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்த நோயாளிகள் இப்போது ஆட்டோவில் வீட்டுப் பக்கத்திலேயே இறங்குகிறார்கள். திறப்பு விழா முடிந்து பாயசம் குடித்துக்கொண்டே முதலாளி சொன்னார்: “அப்போ தோப்பும்படி சைட்டில் ஆளைக் குறைக்காம், அல்லே?” ஆளைக் குறைக்கலாம் அல்லவா என்கிறார். வீண் போன நேரம் மிச்சமாகிவிட்டதாம். அதனால் அடுத்த கட்டடத்துக்கு ஆளும் குறைவு, நாளும் குறைவு. எனக்கு வாயில் பாயசம் இருந்தது. சண்முகவேல் அண்ணன் தம்ளரைக் கீழே வைத்தார்.

“மொதலாளி, குடத்துல ஓட்டையை அடைச்சது தண்ணிய மிச்சம் பிடிக்க. ஓட்டை அடைஞ்சிருச்சின்னு குடத்தையே புடுங்குனா எப்படி? ஆகாது.”

முதலாளிக்குத் தமிழ் பாதிதான் புரியும். கடைசிச் சொல் நன்றாகப் புரிந்தது. அன்றிலிருந்து அவருக்கு இவரைக் கண்டால் ஆகாது. இதே முதலாளிதான் படத்துக்குக் கீழே அந்த வரியை எழுதியவர்.

தோப்பும்படியில் ஐந்து மாடிக் குடியிருப்பு. பலகையை நாங்கள் அங்கேயும் கொண்டுபோனோம். ஆனால் ஆட்கள் உஷாராகிவிட்டார்கள். உண்மையைச் சொல்லி வேலையைச் சீக்கிரம் முடித்தால் கூட இருக்கிறவனுக்கு வேலை போகும் என்று தெரிந்த பிறகு யார் உண்மையைச் சொல்வார்கள்? சனிக்கிழமைதோறும் பலகை முழுக்க ‘ஆகும்’ என்று இருக்கும், வாரக் கடைசியில் பாதி ஆகியிருக்காது. முதலாளி அதைப் படம் எடுத்துப் பெரிய இடங்களில் காட்டுவார், எங்கள் கம்பெனியில் லீன் நடக்கிறது என்று. ‘ஆகாது’ என்று எழுதுகிற ஒரே கை சண்முகவேல் அண்ணனுடையது. ஆள் குறைந்ததால் முட்டு சுமக்கிற வேலையிலும் அவரே தோள் கொடுத்தார். இதெல்லாம் எனக்குத் தெரியாமல் நடந்ததல்ல. என் கண் முன்னால்தான் நடந்தது. பேசலாம், பேசலாம் என்று ஒவ்வொரு வாரமும் நினைத்தேன். நினைத்ததோடு சரி.

கடைசி வாரம் சனிக்கிழமை மூன்றாம் மாடித் தளம் போடுவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை வேலை பாதியில் அவர் ரூமுக்குப் போய்விட்டார் என்றார்கள். சாயங்காலம் போன் செய்தேன்.

“அண்ணே, நாளைக்கு நீங்க இல்லாம ஸ்லாப் வார்க்க முடியாது. ஏழு மணிக்கு வந்திருவீங்கல்லே?”

கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. “நெஞ்சு கொஞ்சம் அடைச்ச மாதிரி இருக்கு மேடம். வாயுவாத்தான் இருக்கும்.” பிறகு சொன்னார்: “பாப்போம் மேடம்.”

நான் “சரி அண்ணே, ரெஸ்ட் எடுங்க” என்று சொல்லி வைத்துவிட்டேன். வைத்த கையோடு பலகைக்குப் போனேன். முதலாளிக்கு அன்றைக்கே படம் அனுப்ப வேண்டும். சனிக்கிழமைத் தளத்துக்கு சண்முகவேல் அண்ணன் பெயருக்கு நேரே இடம் காலியாக இருந்தது. ‘ஆகும்’ என்று எழுதி, படம் எடுத்து, குழுவில் போட்டேன். அவரும் அந்தக் குழுவில் இருந்தார்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு அவர் சைட்டில் நின்றார். முகம் கறுத்திருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன். “எழுதியாச்சே மேடம்” என்றார். கேலி என்று நினைத்துச் சிரித்தேன். கான்கிரீட் முடியும்வரை முட்டுகளுக்கு நடுவே நின்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது அவர் இல்லை.

அவருடைய ஆட்களோடு ஆம்புலன்சுக்குப் பின்னாலேயே செங்கோட்டை வழியாக அவர் ஊருக்குப் போனேன். அவர் மனைவி பேச்சியம்மாள் அக்காவை அதற்கு முன்னால் போனில்தான் தெரியும். எல்லாம் முடிந்து நான் கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெள்ளிக்கிழமையே நெஞ்சடைக்குன்னாங்கம்மா. நாளைக்கு வேலைக்குப் போவாதீங்கன்னேன். ‘மேடத்துகிட்டச் சொல்லிட்டேன், அவங்களுக்குப் புரியும்’ன்னாங்க. ஒங்ககிட்டச் சொன்னாங்கல்லாம்மா?”

“சொன்னாங்க அக்கா” என்றேன்.

அண்ணன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஊரில் உள்ளவன் வாயிலிருந்தெல்லாம் ‘ஆகாது’வை வரவழைத்தவர், தன் நெஞ்சு அடைக்கும்போது மட்டும் ‘பாப்போம்’ என்பாரா? தளத்துக்கு ஆகாது என்று சொல்லத் தெரிந்தவருக்குத் தன் உடம்புக்கு ஆகாது என்று சொல்லத் தெரியாதா? இப்படி அவரைத் திட்டிக்கொண்டே பஸ்ஸில் வந்தேன். வைட்டிலாவில் இறங்கும்போது யாரைத் திட்ட வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அவர் என்னிடம் சொல்லித்தான் இருந்தார். நான் ‘ஆகுமா, ஆகாதா, என்ன வேணும்?’ என்று கேட்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை நாலு மணிக்கு எல்லாரும் பலகை முன்னால் கூடினோம். ஆபீசிலிருந்து அவர் படத்தை ஃப்ளெக்ஸில் அடித்து அந்த வரியோடு மாட்டியிருந்தார்கள். ஆக்சா பிளேடை எடுத்து, படத்தை விட்டுவிட்டு அந்த வரியை மட்டும் அறுத்தெடுத்தேன். அந்நேரம் முதலாளி போனில் வந்தார். எல்லாரும் கேட்கும்படி வைத்தேன். திங்கட்கிழமை அடுத்த தளத்துக்கு சென்ட்ரிங் தொடங்கிவிடலாம் அல்லவா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பாபுச்சேட்டன் படத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: “பற்றில்ல.”

“என்ன வேணும் சேட்டா?” என்று கேட்டேன்.

“நாலு ஆளு. குறைச்ச நாலு ஆளையும் திரிச்சு வேணும்.”

நான் போனைப் பார்த்து, “ஆகாது சார், போன நாலு பேரும் திரும்ப வரணும்” என்றேன். முதலாளி “நோக்காம்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அந்த நாலு பேர் இதுவரை வரவில்லை. நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவரிடமிருந்து நான் எதை வைத்திருக்கிறேன் என்று கேட்டால், அந்தப் பலகையைத்தான். சைட்டுக்கு வேறு பலகை கறுப்படித்துக் கொடுத்துவிட்டு, அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். தலையில் அவர் எழுதிய விதி இருக்கிறது. கீழே அந்தக் கடைசி வாரம் அழிக்காமல் அப்படியே இருக்கிறது. சண்முகவேல் என்று அவரே எழுதிய பெயர். அதற்கு நேரே ‘ஆகும்’. அது மட்டும் என் கையெழுத்து.